சிகரெட் பெட்டிக்கு மஞ்சள் பொட்டு

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எங்கள் ஈழத்து ஆட்கள் தயங்குவார்கள். அது நியாயம்தான், நானும் தயங்குகிறவள்தான். ஆனாலும் அந்த ஆண்டில் லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், பஸ் தரிப்புக்கு எதிரே இருந்த எங்கள் சின்னக் கடையில், நான் ஒரு வழக்கை வென்றேன். நீதிபதி இருக்கிற கோடும் இல்லை, வாதாட அப்புக்காத்தும் இல்லை. என் பக்கத்துச் சாட்சி ஒரு கிண்ணம் மஞ்சள். இதை யாருக்கும் சொல்லாமல் இருக்க எனக்கு மனமில்லை.

முதலில் சிகரெட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். லண்டனில் மூலைக்கடை வைத்திருக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள், சிகரெட்டில் லாபம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ஒரு பெட்டியின் விலையில் பெரும்பகுதி வரியாக அரசாங்கத்துக்குப் போய்விடும். மிச்சத்தில் கம்பனி எடுத்தது போக எங்கள் கைக்கு வருவது வாசத்துக்குப் போட்ட கறிவேப்பிலை அளவுதான். ஆனால் சிகரெட்டுக்கு வருகிறவர் சிகரெட்டோடு மட்டும் போகமாட்டார். பால் எடுப்பார், பேப்பர் எடுப்பார், லாட்டரி கீறுவார், பின்னேரமானால் ஒரு பியர் போத்தலும் தூக்குவார். கடை ஓடியது அதில்தான். சிகரெட்டுக்காரர் வராவிட்டால் பால் புளிக்கும், பேப்பர் கட்டோடு திரும்பிப் போகும்.

நானும் கணவரும் ஜெர்மனியில் பிறர் சமையலறையில் கோப்பை கழுவியும் தொழிற்சாலையில் நின்றும் சேர்த்ததை எல்லாம் கொண்டுவந்து அந்தக் கடையில்தான் போட்டிருந்தோம். எங்களுக்கு வேறு காணியும் இல்லை, பூமியும் இல்லை.

பங்குனி, சித்திரையில் பட்ஜெட் வரும். மற்ற ஆண்கள் கிரிக்கெட்டைப் பார்ப்பதுபோல என் கணவர் பட்ஜெட்டைப் பார்ப்பார். நிதி அமைச்சர் சிவப்புப் பெட்டியைத் தூக்கிக் காட்டும்போதே நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். பள்ளிக்கூடங்களுக்கு என்ன, வங்கிகளுக்கு என்ன என்று அந்த மனிதர் சொல்வது எதுவும் இவர் காதில் ஏறாது. புகையிலை என்ற சொல்லுக்காகக் காத்திருப்பார். அந்த ஆண்டும் அது வந்தது. அன்று மாலையே வரி ஏறியது.

"போச்சுது. திரும்பவும் லேபிள் அடி" என்றார்.

வரி ஏறினால் எங்களுக்கு உடனடியாக நடப்பது அதுதான். ஒவ்வொரு சிகரெட் பெட்டியின் அடியிலும் விலை போட்ட சின்ன வெள்ளைக் கடுதாசி ஒட்டியிருக்கும். பழையதை நகத்தால் உரித்துவிட்டு, லேபிள் அடிக்கிற துப்பாக்கியால் புது விலையை அடிக்கவேண்டும். அவர் அடிக்க அடிக்க நான் அடுக்கினேன். ஏறிய விலையை இரண்டு தரம் வாசித்தேன். இந்த விலைக்கு யார் வாங்கப்போகிறார்கள்?

எங்கள் வழக்கத்தில் புதிதாக எது வந்தாலும் அதில் மஞ்சள் படவேண்டும். புதுத் துணியை உடுத்துமுன் ஓரத்தில் மஞ்சள் பூசுவோம். கலியாணக் கடிதத்தின் மூலைகளில் பூசுவோம். எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் பிடிவாதம் உண்டு. பிரிட்ஜ் வாங்கியபோது அதற்கும் பூசினேன். இப்போது புது விலை வந்திருக்கிறது, புது லேபிள் வந்திருக்கிறது. பின்னுக்குப் போய் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு லேபிளிலும் விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்தேன்.

அவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

"இஞ்சேரும், உமக்கென்ன விசரே? சிகரெட்டுக்குப் பொட்டு வைக்கிறீர்?"

"புது விலையெல்லோ. வித்துப் போகவேணும்."

"இழுக்கிறவன் இருமிச் சாகப்போறான். அதுக்கு ஒரு ஆசீர்வாதம்!"

"இழுக்கிறதும் விடுறதும் அவையின்ர விருப்பம். கடை எங்கட. நீங்கள் அடியுங்கோ."

அவர் தலையில் அடித்துக்கொண்டு லேபிள் அடித்தார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஹோல்சேலில் இருந்து சாமான் வரும்போதெல்லாம் சாம்பிராணி காட்டும் கையோடு பொட்டும் வைத்தேன். மஞ்சள் கடுதாசியில் ஊறினால் போகாது. அவர் ஒவ்வொரு வெள்ளியும் முறைத்தார், நான் ஒவ்வொரு வெள்ளியும் வைத்தேன்.

அந்த மாதங்களில் எங்கள் மனம் கடையில் இருக்கவில்லை. ஊரில் யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. பின்னேரங்களில் கடையைப் பூட்டிவிட்டு, பாராளுமன்றத்துக்கு எதிரே இருந்த சதுக்கத்துக்கு ரயிலேறிப் போவோம். ஆயிரமாயிரம் பேரோடு நின்று யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கத்துவோம். குரல் கட்டிப்போய்த் திரும்பி வருவோம். வைகாசியில் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் கடையில் நின்றேன், சில்லறை கொடுத்தேன், நன்றி சொன்னேன். சிரித்ததாக ஞாபகம் இல்லை.

நாங்கள் கடையைப் பூட்டிக்கொண்டு போன அந்தப் பின்னேரங்களில்தான் ஒரு வான்காரன் வந்து சேர்ந்தான் என்பது பிறகு தெரியவந்தது. எங்கள் கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் நிற்கும் சந்து ஒன்று உண்டு. அங்கே ஒரு வெள்ளை வான் வண்டியை நிறுத்தி, வரி கட்டாத சிகரெட்டைப் பாதி விலைக்கு விற்றான். பூட்டிய கடையின் வாசலில் நின்று முழிக்கிறவருக்குப் பின்பக்கத்தைக் கைகாட்டினால் வியாபாரம் முடிந்தது. நாங்கள் திரும்பக் கடையை முழுநேரம் திறந்த பிறகும் அவன் போகவில்லை. வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் தவறாமல் நின்றான்.

கடைக்கு ஆள் குறைந்தது. காலையில் வந்து பேப்பரோடு இரண்டு பெட்டி வாங்குகிற பஸ் சாரதி வேறு பக்கத்தால் நடந்தார். எதிர்ப் பிளாட்டில் இருந்த ஐரிஷ் அம்மா, என்னை டார்லிங் என்று மட்டும் கூப்பிடுகிறவர், ஒரு நாள் பால் மட்டும் வாங்கிக்கொண்டு, சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் அவர் வாயைத் திறந்தால் புகை மணம் கவுண்டர் முழுக்க அடித்தது. மீதிச் சில்லறையைக் கொடுத்தேன். வயதுபோன மனுசியிடம் என்னத்தைச் சொல்வது?

எங்களுக்கும் அந்தச் சரக்கைத் தர ஆள் வந்தது. தெரிந்த ஒருவர் கணவரை வெளியே கூப்பிட்டு, "எல்லாரும் செய்யினம் அண்ணை, நீங்கள் மட்டும் அரிச்சந்திரன் மாதிரி நிண்டு என்ன காணப்போறியள்?" என்றார். கணவர் சொன்ன பதில் உள்ளே நின்ற எனக்கும் கேட்டது. "களவுச் சாமான் என்ர கடை வாசல்படி ஏறாது. நீரும் ஏறாதையும்."

மஞ்சளுக்காக அவர் முறைத்த முறைப்பு எல்லாவற்றையும் அன்று மன்னித்தேன்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைப் பின்னேரம் ஒன்றில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி எங்கள் நகரசபைக் கவுன்சிலில் இருந்து, மற்றவர் சுங்க அதிகாரி. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, கடைக்குள் நின்ற ஆட்களையும் பொருட்படுத்தாமல் கவுண்டரில் இரண்டு பிளாஸ்டிக் பைகளை வைத்தார்கள். அவர்கள் பேசியது ஆங்கிலம், நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன்.

"இந்த முதல் பையில் இருப்பவை போலிச் சிகரெட்" என்றார் சுங்க அதிகாரி. "இருமலும் வாந்தியும் வந்து சிலர் எங்களிடம் கொண்டுவந்து தந்தார்கள். எல்லாரும் சொன்னது உங்கள் கடையை."

பையைத் திருப்பினார். பெட்டிகளின் அடியில் சின்ன வெள்ளை லேபிள். அதில் எங்கள் விலை. எங்கள் துப்பாக்கி அடிக்கிற அதே அளவு எழுத்து. நாங்கள் விற்காத சிகரெட்டில் எங்கள் லேபிள் எப்படி வந்தது?

"இரண்டாவது பை, எங்கள் ஆட்கள் சாதாரண வாடிக்கையாளர்போல வந்து உங்களிடம் வாங்கியது. இவை அசல், வரி கட்டியவை. ஆனால் இவற்றில் மட்டும் ஒரு மஞ்சள் அடையாளம் இருக்கிறது. இது என்ன?"

நான் வாய் திறக்குமுன் அவரே பதிலையும் சொன்னார். அசல் எது, போலி எது என்று எங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக நாங்கள் வைத்த அடையாளமாம். அந்நியருக்கு மஞ்சள் உள்ளதைக் கொடுத்துவிட்டு, பழகியவருக்கு மஞ்சள் இல்லாததைக் கொடுக்கிறோமாம்.

கவுன்சில்காரி மெதுவாகச் சொன்னாள், இது உறுதியானால் எங்கள் குடிவகை லைசென்ஸ் பறிபோகலாம் என்று. சிகரெட்டும் போய்க் குடிவகையும் போனால் மிஞ்சுவது பாலும் பிஸ்கட்டும். அதோடு கடையைப் பூட்டவேண்டியதுதான்.

கணவர் என் பக்கம் திரும்பினார். தமிழில் சொன்னார், "நான் அப்பவே சொன்னனான் எல்லோ! உம்மட மஞ்சள் எங்களை மறியல் கம்பிக்குப் பின்னால கொண்டுபோய் விடப்போகுது!"

நான் அதிகாரிகளுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். புதுத்துணி, கலியாணக் கடிதம், பிரிட்ஜ் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலக் கேட்டது. சிகரெட்டுக்கு மங்களம் வேண்டினேன் என்று எந்த வெள்ளைக்காரன் நம்புவான்? சுங்க அதிகாரி முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

அந்த முகத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பயம் விட்டுக் கோபம் வந்தது. மாதக்கணக்காக யாரிடமோ எதற்காகவோ கெஞ்சிக்கொண்டிருந்தோம், ஒருவரும் கேட்கவில்லை. இப்போது என் சொந்தக் கடைக்குள் நின்று என் மஞ்சளுக்கும் கெஞ்சுவதா? பின்னால் இருந்த தட்டில் கையை விட்டுச் சிகரெட் பெட்டிகளை அள்ளினேன். கவுண்டரில் கொட்டினேன். திரும்பவும் அள்ளினேன். பேப்பருக்கு மேலே, சுவிங்கத்துக்கு மேலே, எல்லா இடமும் பெட்டி.

"பாருங்கள்" என்றேன். "ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். பொட்டு இல்லாத ஒன்றைக் கண்டால் நானே கடையைப் பூட்டித் திறப்பை உங்கள் கையில் தருகிறேன்."

கணவர் என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் நிற்கவில்லை.

அவர்கள் திருப்பினார்கள். எல்லாவற்றிலும் மஞ்சள். களஞ்சிய அறைக்குப் போனார்கள். அரிசி மூட்டையைப் புரட்டினார்கள், கழிப்பறைத் தொட்டியின் மூடியைக் கூடத் தூக்கினார்கள். நான் வைத்த இடமெல்லாம் மஞ்சள், வேறு ஒரு பெட்டியும் இல்லை. கவுன்சில்காரி ஒரு பெட்டியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தாள். அவள் வாயோரம் கொஞ்சம் இளகியது.

சுங்க அதிகாரி இளகவில்லை. "இன்றைக்கு இல்லை என்றால் நேற்றும் இல்லை என்று ஆகாது" என்றார்.

கடைக்குள் நின்றவர்களில் ஐரிஷ் அம்மாவும் ஒருவர். பால் போத்தலை நெஞ்சோடு அணைத்தபடி அவ்வளவு நேரமும் நின்றிருக்கிறார். இப்போது முன்னுக்கு வந்து, கைப்பையைத் திறந்து, ஒரு சிகரெட் பெட்டியை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். அடியில் எங்கள் விலை போட்ட லேபிள். மஞ்சள் இல்லை.

"டார்லிங், என்னை மன்னித்துக்கொள்" என்றார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "இது இவர்கள் விற்றது இல்லை. பின்னால் வானில் நிற்கிறவன் விற்றது. கடையின் ஆள்தான் நான், கடைச் சாமான்தான் இது, உனக்காகப் பாதி விலை என்று சொன்னான். கடையில் என்ன விலை என்று அந்த லேபிளைக் காட்டினான். பாதி விலை ஆசையில் நானும் அதை நம்பினதாக வைத்துக்கொண்டு வாங்கினேன். போதாததற்கு இந்தப் பிள்ளையிடம் சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று பொய் வேறு சொன்னேன்" என்றார்.

"எப்போது வாங்கினீர்கள்?"

"இப்போதுதான், உள்ளே வருமுன். அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான்."

சுங்க அதிகாரி அந்தப் பெட்டியையும் எங்கள் பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெள்ளை லேபிள் இரண்டு, ஒன்றில் மட்டும் என் விரல் அடையாளம். பின்கதவு எங்கே என்று மட்டும் கேட்டார்.

நான் கதவைத் திறந்து விட்டேன். அவர்களுக்குப் பின்னால் நானும் போனேன். கணவர் வேண்டாம் என்றதும் கேட்டது. சந்தில் வெள்ளை வான் நின்றது, பின்கதவு திறந்திருந்தது, உள்ளே பெட்டி பெட்டியாகச் சரக்கு. வான்காரன் தன்னுடைய சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு நின்றான். முன்னாசனத்தில் ஒரு லேபிள் துப்பாக்கி கிடந்தது, எங்களுடையதுக்குக் கூடப்பிறந்தது போல. எங்கள் விலை எவ்வளவு என்று ஒரு பெட்டி வாங்கிப் பார்த்து, அதே மாதிரி அடித்து ஒட்டியிருக்கிறான். அந்த மஞ்சளை என்ன நினைத்தானோ. கறி சாப்பிட்ட கை பட்ட அழுக்கு என்றுதான் நினைத்திருப்பான். அதை மட்டும் விட்டுவிட்டான்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று பழி தன் சொந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. வானையும் சரக்கையும் அவனையும் கொண்டுபோனார்கள். பாதிக் கடித்த சாண்ட்விச் குப்பைத் தொட்டியின் மேல் கிடந்தது.

கவுன்சில்காரி மட்டும் கடைக்குள் திரும்பி வந்தாள். லைசென்சுக்கு ஒன்றும் நடக்காது, தானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். என் கையைப் பிடித்துக் குலுக்கியபோது அவள் விரலிலும் மஞ்சள் ஒட்டியிருந்ததைக் கண்டேன். கழுவினாலும் லேசில் போகாது என்று சொன்னேன். பரவாயில்லை என்றாள்.

அவள் போனதும் கணவர் பால் கிரேட்டின் மேல் குந்திவிட்டார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். இடுப்பில் கை வைத்து நின்றேன் என்றுதான் ஐரிஷ் அம்மா பிறகு எல்லாருக்கும் சொன்னார்.

"இப்ப சொல்லுங்கோ. ஆர் ஆரை மறியலில விடுறது?"

"சரி, சரி. கதையாதையும்."

"ஏன் கதையாமல்? இவ்வளவு நாளும் நீங்கள் எல்லோ கதைச்சனீங்கள்!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்க எனக்கும் வந்தது. வைகாசிக்குப் பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது, ஏன் என்று அவர் கேட்கவில்லை. கவுண்டரில் மலைபோலக் கிடந்த பெட்டிகளை இருவருமாகச் சேர்ந்து திரும்ப அடுக்கினோம். பட்டப்பகல்போல வெயில் எறித்த அந்தப் பின்னேரத்தில் கடை வாசலில் நின்று சாம்பிராணி காட்டினேன். பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுவதும் இருமியது. எனக்கு அது நாதஸ்வரம் மாதிரிக் கேட்டது.

ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஐரிஷ் அம்மாவின் வாய் அந்த வேலையைச் செய்தது. பஸ் சாரதி முதல் ஆளாக வந்து, "புள்ளி உள்ளதில் ஒன்று" என்று கேட்டார். பிறகு எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். வாங்கியதும் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டே காசை நீட்டினார்கள். வரி அதே வரிதான், விலை அதே ஏறிய விலைதான். ஆனாலும் கொடுத்தார்கள். லண்டனின் மறுகோடியில், சட்டனில் கடை வைத்திருந்த ஒருவர், முன்பின் தெரியாதவர், யாரிடமோ நம்பர் வாங்கிப் போன் எடுத்தார். "அக்கா, அது மஞ்சளோ, சந்தனமோ?" என்று மட்டும் கேட்டார். மஞ்சள்தான், கெட்டியாகக் குழையுங்கோ என்றேன்.

கணவர் மட்டும் அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை. தோற்றுப்போனாலும் ஆண்களுக்கு ஒரு கெத்து. நான் பொட்டு வைக்கும் வெள்ளிகளில் அவர் முறைக்காமல் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆண்டின் கடைசி நாள் வந்தது. விடிந்தால் வற் என்ற விற்பனை வரி ஏறுகிறது, திரும்பவும் விலை மாற்றம், திரும்பவும் லேபிள். காலையில் இருந்தே அவர் உரித்து உரித்து அடித்துக்கொண்டிருந்தார். நான் பின்னறையில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். பொட்டுக்கு என்ன அவசரம், நாளைக்கு வெள்ளி, வருடப் பிறப்பும்கூட, நாளைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஐரிஷ் அம்மாவின் குரல் கேட்டது. ஒரு பெட்டி வாங்கித் திருப்பிப் பார்த்திருக்கிறார், புது லேபிள் வெள்ளையாக இருந்திருக்கிறது.

"இது என்ன? இதில் புள்ளி இல்லையே. எனக்கு வேண்டாம்."

"அம்மா, இது நான் இப்போதுதான் அடித்த லேபிள். அசல் சாமான்."

"வான்காரனும் அப்படித்தான் சொன்னான்" என்றார் அவர்.

பிறகு கணவர் பின்னறை வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் மேல் தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"இஞ்சேரும், அந்த மஞ்சள் கிண்ணம் எங்க?"

நான் கையால் காட்டினேன். அவரே எடுத்தார், அவரே தண்ணீர் விட்டுக் குழைத்தார், கொஞ்சம் தண்ணியாகப் போய்விட்டது. கவுண்டருக்குக் கொண்டுபோய், விரலைத் தோய்த்து, ஐரிஷ் அம்மாவின் பெட்டியில் ஒரு பொட்டு வைத்து, காயும்வரை வாயால் ஊதி, இரண்டு கையாலும் நீட்டினார். பிறகு அப்படியே நின்று, அடித்து வைத்த மிச்சப் பெட்டிகளுக்கும் ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினார்.

அன்று வியாழக்கிழமைதான்.